ஆண் குழந்தைக்கு உத்தரவாதமா?

(மில் தொழிலாளர் குடியிருப்பில் ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்தது கூலி உயர்வைப் பற்றியல்ல. போனஸைப் பற்றியும் அல்ல. சோதனைக்குழாய் முறையில் ஆண் குழந்தையைத் தேர்ந்தெடுத்துப் பெறலாம் என்று சொல்கிறார்களே, அதைப் பற்றி. சங்கக் கூட்டத்தில் பிள்ளை பெறுகிற பேச்சா என்று பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் இதற்காக நம்மில் ஒருவர் வீட்டுமனைப் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வட்டிக்கடைப் படி ஏறிவிட்டார் என்று தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

அவர் வைண்டிங்கில் வேலை செய்கிறவர். இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் ஏழாவது படிக்கிறாள். மனைவிக்கு வயது முப்பத்தேழு. இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகிவிட்டது. இந்த நிலையில் ஒரு தரகர் அவரைத் தேடி வந்திருக்கிறார். “ஆபரேஷன் ஆனாலும் பரவாயில்லை, கருவை வெளியே உண்டாக்கி, ஆண் கருவை மட்டும் பொறுக்கி உள்ளே வைத்துவிடலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உத்தரவாதம்” என்றாராம். எட்டு லட்சம் ரூபாய். முதல் தவணை மூன்று லட்சம். “ரசீது?” என்று நம் தோழர் கேட்டதற்கு, “இந்த மாதிரி வேலைக்கு ரசீது கொடுக்க மாட்டார்கள்” என்று பதில்.

அவர் என்னிடம் வந்து இரண்டே கேள்வி கேட்டார். “அண்ணே, இது நிஜமாகவே பலிக்குமா? என் சம்சாரத்துக்கு ஆபத்து ஏதும் வருமா?” எனக்குப் பதில் தெரியவில்லை. பத்தாவதோடு படிப்பை முடித்தவன் நான். ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு டாக்டர்களையும் ஒரு வக்கீல் தோழரையும் பார்த்தேன். சட்டப் புத்தகத்தையும் வாங்கிப் படித்தேன். தெரிந்துகொண்டதை, பேரைச் சொல்லாமல் எல்லோருக்கும் சொல்லலாம் என்று அவரே சம்மதித்ததால் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை விஷயம். பிள்ளை ஆணா பெண்ணா என்பது எங்கே முடிவாகிறது? பெண்ணின் கருமுட்டை ஒவ்வொன்றிலும் எக்ஸ் என்ற குரோமோசோம் இருக்கிறது. ஆணின் விந்தணுவில் சிலவற்றில் எக்ஸ், சிலவற்றில் ஒய். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. எக்ஸ் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். அதாவது முடிவு தகப்பன் பக்கத்திலிருந்து வருகிறது. “மறுபடியும் பொட்டையைப் பெற்றுவிட்டாளே” என்று மருமகளைத் திட்டுகிற மாமியார்மார்கள் இங்கே இருந்தால், வீட்டுக்குப் போனதும் மகனைத்தான் திட்ட வேண்டும். அவனையும் திட்டுவதில் அர்த்தமில்லை. அவன் கையிலும் அது இல்லை.

சோதனைக்குழாய் முறை என்பது 1978-ல் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் முதல் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நம் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இரண்டாவது குழந்தையைப் பிறக்க வைத்தார். அந்த மனிதரை நம்பாமல் அவமானப்படுத்தி, 1981-ல் தற்கொலை வரைக்கும் தள்ளினார்கள். அது தனிக் கதை. இன்னொரு நாள் பேச வேண்டிய கதை. பிள்ளையில்லாத எத்தனையோ பேருக்கு இந்த முறை வாழ்வு கொடுத்திருக்கிறது. அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

கருவை வெளியிலேயே சோதித்து ஆணா பெண்ணா பார்ப்பது பிறகு வந்தது. லண்டனில் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் ஆலன் ஹாண்டிசைட் என்ற விஞ்ஞானியின் குழு செய்தது. அப்படிச் சோதித்த முதல் குழந்தைகள் 1990-ல் பிறந்தார்கள். ஏன் செய்தார்கள் தெரியுமா? சில பரம்பரை நோய்களைத் தாய் தாங்கிக்கொண்டிருப்பாள், அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆண் குழந்தை பிறந்தால் பாதிக்குப் பாதி அந்த நோயோடு பிறக்கும். அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றப் பெண் கருவைப் பொறுக்கி வைத்தார்கள். பெண் குழந்தை பிழைத்து வாழ்வதற்காகத் தேடிய வழி, தோழர்களே! அதைத்தான் தரகர் நம் தெருவுக்குத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

இப்போது முதல் கேள்வி. பலிக்குமா?

சோதனையை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். கரு ஐந்தாம் நாளில் நூறு அணுக்களுக்குமேல் உள்ள ஒரு சிறு உருண்டை. அதன் வெளி ஓரத்திலிருந்து ஒரு ஐந்தாறு அணுவை உருவி எடுக்கிறார்கள். பஞ்சுப் பேலின் ஓரத்தில் ஒரு பிடி உருவி இழை நீளம் பார்க்கிறோமே, அந்த மாதிரி. அந்த வெளி ஓரம் பின்னால் நஞ்சுக்கொடியாகப் போகிற பகுதி. குழந்தையாகப் போகிற பகுதி அல்ல. சில கோளாறுகளில் ஓரமும் உள்ளும் ஒத்துப்போகாமல் இருப்பது உண்டு. ஆனால் ஆணா பெண்ணா என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆரம்ப காலத்துச் சோதனையில் ஒய் அடையாளம் தென்பட்டால் ஆண், தென்படாவிட்டால் பெண் என்று முடிவு செய்தார்கள். இருந்தும் கருவியில் தட்டாமல் போனால்? அப்படியும் பிழை நேர்ந்தது. இன்றைய முறை அதைவிட எவ்வளவோ தேறிவிட்டது. நல்ல ஆய்வுக்கூடத்தில், சீட்டு மாறாமல் ஒழுங்காகச் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக இருக்கும் என்பது உண்மைதான்.

அப்படியானால் தரகர் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் சூது இருக்கிறது. தொண்ணூற்றொன்பது என்பது கருவைப் பார்த்து ஆணா பெண்ணா என்று படிக்கிற கணக்கு. குழந்தை கையில் கிடைக்கிற கணக்கு அல்ல. லாட்டரிச் சீட்டில் உள்ள நம்பரைப் பிழையில்லாமல் படித்துச் சொல்வேன் என்பது வேறு, பரிசு விழும் என்பது வேறு அல்லவா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்குச் சொல்கிறேன், ஆளுக்கு ஆள் மாறும். ஊசி போட்டுப் பத்து முட்டை எடுக்கிறார்கள் என்று வையுங்கள். அதில் முதிர்ந்தது எட்டு இருக்கலாம். கருவானது ஆறு. ஐந்தாம் நாள் வரை தாங்கியது மூன்று. அந்த மூன்றில் ஆண் எத்தனை? இயற்கை பாதிக்குப் பாதி என்பதால் ஒன்றோ இரண்டோ. எட்டில் ஒரு முறை, மூன்றுமே பெண்ணாக அமைந்துவிடும். அன்றைக்கு எட்டு லட்சமும் சோதனையோடு முடிந்தது. ஆண் கரு கிடைத்தது என்றே வைப்போம். அதை உள்ளே வைத்தால் தங்குமா? நல்ல வயதில், நல்ல ஆஸ்பத்திரியில், பாதிக்குப் பாதி தேறினாலே பெரிது. முப்பத்தேழு வயதில் அதைவிடக் குறைவு. நாற்பதைத் தாண்டினால் சொந்த முட்டையில் பத்தில் ஒன்று தேறுவதே கஷ்டம் என்கிறார் டாக்டர். ஆக, பத்திரத்தை அடகு வைத்து எட்டு லட்சம் கொடுத்தவருக்கு ஒரு சுற்றில் ஆண் குழந்தை கிடைக்கிற வாய்ப்பு, கிடைக்காமல் போகிற வாய்ப்பைவிடக் குறைவு. இதற்கா உத்தரவாதம்?

விந்தணுவையே பிரித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், கிடேரிக் கன்று பிறக்கிற ஊசி வந்திருக்கிறது. பத்தில் ஒன்பது கிடேரி என்கிறார்கள். எக்ஸ் அணு ஒய் அணுவைவிடக் கொஞ்சம் கூடுதல் சரக்குள்ளது. சாயம் ஏற்றி ஒளி பாய்ச்சிப் பிரிக்கிறார்கள். இதே முறையை அமெரிக்காவில் மனிதருக்கும் செய்து பார்த்தார்கள். பெண் குழந்தை கேட்டவர்களுக்குப் பரவாயில்லை. ஆண் கேட்டவர்களுக்கு நாலில் ஒரு பங்கு தவறிப்போயிற்று. அந்நாட்டு சர்க்காரின் அங்கீகாரமும் கிடைக்கவில்லை, முயற்சி நின்றுபோயிற்று. பசுவுக்குக் கிடேரி வேண்டும், மனைவிக்கு ஆண் வேண்டும்! கிடேரி பால் கறக்கும், அதனால் வரவேற்பு. இதை யோசித்துக்கொண்டே இருங்கள், திரும்ப வருகிறேன்.

இரண்டாவது கேள்வி, ஆபத்து வருமா என்பது. இதற்கு நான் தோழரின் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவருகே நின்று ஒரே கேள்வி கேட்டார்: “அண்ணா, ஊசி எனக்கா, அவருக்கா?” அதுவரைக்கும் அந்த அம்மாளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஊசி முழுக்க முழுக்க அந்த அம்மாளுக்குத்தான். பத்துப் பன்னிரண்டு நாள் தினசரி ஊசி. மாதத்துக்கு ஒரு முட்டை முதிர்கிற உடம்பில் ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்தை முதிரச் செய்கிற மருந்து. சிலருக்கு அது அளவு மீறிப்போய் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சுத் திணறும், இரத்தம் கட்டும். கடுமையாக வருவது நூற்றில் ஒருவர் இருவருக்கு என்றும், மருந்து முறையை மாற்றி இப்போது அதைக் குறைத்திருக்கிறார்கள் என்றும் டாக்டர் சொன்னார். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே வந்துவிடும். பிறகு மயக்கம் கொடுத்து, ஊசி குத்தி, முட்டையை உறிஞ்சி எடுக்க வேண்டும். எப்போதாவது இரத்தக் கசிவு, சீழ். சீக்கிரம் பலிக்கட்டும் என்று இரண்டு கருவை வைத்தால் இரட்டைப் பிள்ளை, குறைமாதப் பிரசவம். ஒரே குழந்தையானாலும் இந்த முறைக் கர்ப்பத்தில் இரத்தக் கொதிப்பு சற்றுக் கூடுதலாகவே வருகிறது.

குழந்தைக்கு? அணுவை உருவும்போது சில கருக்கள் சேதப்படும். பிழைத்துப் பிறந்த குழந்தைகளிடம் இந்த உருவலால் பெரிய ஊனம் எதுவும் கூடியதாக இதுவரை கண்டுபிடிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், பயமுறுத்துவதற்காகப் பொய் சொல்லக்கூடாது. ஆனால் அப்படிப் பிறந்தவர்களில் மூத்தவர்களுக்கே இன்று முப்பத்தைந்து வயது அளவுதான் ஆகிறது. அவர்கள் முதுமையை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

பிள்ளையே இல்லாத ஒரு பெண் இவ்வளவையும் தாங்கச் சம்மதித்தால் அதில் நியாயம் இருக்கிறது. இரண்டு குழந்தையைப் பெற்று, ஆபரேஷனும் செய்துகொண்டு, காலையில் மில்லுக்கும் மாலையில் அடுப்படிக்கும் ஓடுகிற ஒருத்தி, ஏற்கெனவே பெற்றது போதாது என்பதற்காக எதற்குத் தாங்க வேண்டும்?

தோழர் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. இது சட்டப்படி சரியா? சரியில்லை. இந்தியாவில் 1994-ல் சட்டம் வந்தது, 1996-ல் அமுலானது. முதலில் கர்ப்பத்தில் பார்ப்பதைத்தான் முக்கியமாகத் தடுத்தது. சட்டம் ஏட்டோடு நின்றபோது, 2000-ல் டாக்டர் சாபு ஜார்ஜும் இரண்டு ஸ்தாபனங்களும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். இந்த சாபு ஜார்ஜ் நம் வட ஆற்காட்டுக் கிராமங்களில் பெண் சிசுக்கொலையைப் பற்றி ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தவர். 2003-ல் சட்டத்தைத் திருத்தி, கரு உண்டாகும் முன்பும், வெளியே உண்டான கருவிலும், விந்தணுவிலும், எதிலுமே ஆண் பெண் பொறுக்கக்கூடாது என்று வைத்தார்கள். செய்கிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை. போய்க் கேட்கிறவருக்கும் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம். ஒரு நல்ல அம்சம், அந்தப் பெண்ணைக் கணவனோ உறவினரோ நிர்ப்பந்தித்தார்கள் என்றே கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் இன்னும் கடுமை: இப்படிப் பொறுக்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்தாலே ஐந்திலிருந்து பத்தாண்டு சிறை, அல்லது பத்திலிருந்து இருபத்தைந்து லட்சம் அபராதம், அல்லது இரண்டும்.

“கருவைக் கலைக்கவில்லையே, இரண்டு பெண் உள்ளவன் ஒரு ஆண் கேட்டால் யாருக்கு நஷ்டம்?” என்று முன்வரிசைத் தோழர் கேட்கிறார். இதே வாதத்தோடு இரண்டு பெண்களைப் பெற்ற ஒரு மும்பைத் தம்பதி ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2007-ல் கோர்ட்டு ஏற்கவில்லை. வெளிநாடு? அமெரிக்காவில் பல இடங்களில் இன்றும் பகிரங்கமாகச் செய்கிறார்கள். தாய்லாந்தில் 2015-ல் தடை போட்டுவிட்டார்கள்.

சட்டத்தை நான் ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், முதல் கேள்விக்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது. தொண்ணூற்றொன்பது என்ற கணக்கு, பெயர் எழுதி, சீட்டு ஒட்டி, இரண்டு பேர் சரிபார்த்து, பதிவேட்டில் ஏற்றுகிற ஆய்வுக்கூடத்துக்குத்தான் பொருந்தும். இங்கே எல்லாம் திருட்டுத்தனம். எங்கே சோதித்தார்கள், யார் சோதித்தார்கள், சோதித்தார்களா என்பதே தெரியாது. சோதிக்காமலே ஒரு கருவை வைத்துவிட்டாலும் பாதிப் பேருக்கு ஆண் பிறந்துவிடும். அவர்கள் தரகரைப் புகழ்ந்து ஊரெல்லாம் சொல்வார்கள். மீதிப் பாதி? பணத்தைத் திருப்பிக் கேட்டு எங்கே போவார்கள்? போலீஸுக்குப் போனால் முதல் குற்றவாளி அவர்களே. அந்தக் காலத்தில் ஆண் குழந்தைக்கு வேர் கொடுத்த வைத்தியர் செய்த வியாபாரமும் இதேதான். அவர் ஒரு கோழியோடு போனார். இவர் மனையைக் கொண்டுபோகிறார்.

சரி, அந்தத் தோழர் கெட்டவரா? இல்லை. தன் பெண்களைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவர் சொன்ன கணக்கைக் கேளுங்கள்: “இரண்டு பேருக்கும் பத்துப் பத்துப் பவுன் போட வேண்டும். கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்ற ஒருவன் வேண்டாமா?” மகன் கஞ்சி ஊற்றுகிறானா என்பதை இந்தத் தெருவில் உள்ள பெரியவர்களைக் கேட்டால் தெரியும். அதை விடுங்கள். பெண்ணைச் செலவு என்று எழுத வைத்தது யார்? நடவுக்கும் களைக்கும் குனிகிறவள் பெண், கூலியில் குறைவு அவளுக்கு. மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று ‘சுமங்கலித் திட்டம்’ போட்டார்களே நம் பக்கத்து நூற்பாலைகளில், அதில் ஓடிய கதிர்கள் யார் கையில் ஓடின? பதினாறு வயதுப் பெண் சம்பாதிக்கிறாள். சம்பாதித்தது அவள் கையில் தங்குவதில்லை, தங்கமாக இன்னொரு வீட்டுக்குப் போகிறது. கிடேரியின் பால் மாட்டுக்காரனுக்கு லாபம். மகளின் உழைப்பு மட்டும் நஷ்டக் கணக்கில் எழுதப்படுகிறது. சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் சட்டம் வந்தது. கேட்டு வாங்கிய பெண் இந்தத் தெருவில் எத்தனை பேர்? கை தூக்குங்கள். ஒரு கையும் தெரியவில்லை.

உசிலம்பட்டியையும் சேலத்தையும் நாம் மறந்துவிடக்கூடாது. சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் போட வேண்டிய நிலை வந்தது. கள்ளிப்பாலுக்குப் பிறகு ஸ்கேன் வந்தது. இப்போது அதைவிட விலை கூடிய சரக்கு வருகிறது. ஆறு வயது வரை உள்ள குழந்தைகளில், ஆயிரம் ஆணுக்கு இந்தியாவில் 1991-ல் 945 பெண், 2011-ல் 918. தமிழ்நாட்டில் அதே 2011-ல் 943. கருவைப் பொறுக்குகிற முறையில் கொலை என்ற சொல் வராது, இரத்தம் வராது. பெண் கரு ஒரு கண்ணாடித் தட்டிலேயே நின்றுவிடும். எட்டு லட்சம் உள்ளவர்கள் அதை வாங்குவார்கள்; இல்லாதவர்கள் கடன் வாங்கி ஏமாறுவார்கள்.

இனி என்ன செய்வது என்று கேட்டால், உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டத்தை நடத்த ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு அதிகாரி உண்டு. அவரிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். பதினைந்து நாளைக்குக் குறையாமல் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, அவர் அசையாவிட்டால் நாமே நேராகக் கோர்ட்டுக்குப் போகலாம். தனி ஆள்தான் போக வேண்டும் என்பதில்லை, ஒரு சமூக ஸ்தாபனமும் போகலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வைண்டிங் தோழர் அந்தத் தரகர் கொடுத்த சீட்டையும், செல்போனில் வந்த செய்திகளையும் அழிக்காமல் வைத்திருக்கிறார். பணம் கொடுக்கவில்லை, பத்திரம் அவர் மனைவியின் டிரங்குப் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. பெட்டிச் சாவி இப்போது அந்த அம்மாளிடம் இருக்கிறது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

உங்களில் வேறு யாரிடமாவது அந்தத் தரகரோ அவர் ஆளோ வந்திருந்தால், வெட்கப்படாமல் செவ்வாய்க்கிழமை இரண்டாம் ஷிப்டு விட்டதும் சங்க ஆபீசுக்கு வாருங்கள். வக்கீல் தோழர் இருப்பார். பெயர் வெளியே வராது. மனுவை அன்றைக்கே எழுதி முடித்துவிடலாம்.